ஸ்பேசரியல்: பூர்வபட்சமும் சித்தாந்தமும்

போர்ஷே 911 காரின் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வட்டமான அலுமினியத் தகடு ஒன்றைச் செருகும் வழக்கம் ஜெர்மானிய அன்பர்களிடையே உண்டு. அத்தகடு ஸ்பேசர் எனப்படும். 5 மி.மீ., 7 மி.மீ., 15 மி.மீ. எனப் பல கனங்களில் கிடைக்கும். எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வேறு தொழில் அதற்கு இல்லை. பிறகு ஏன் மாட்டுகிறார்கள் என்பதே இவ்வாய்வின் வினா.

பூர்வபட்சம்: 'வளைவில் வண்டி இன்னும் நன்றாக நிற்கும்' என்பர் மாட்டியோர். இடவல சக்கரங்களின் இடைவெளி அகன்றால், வளைவில் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் குறையும். இது இயற்பியல், மறுப்பதற்கில்லை. எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் பேச்சு மாறுகிறது. 911 காரின் 991 எனப்படும் தலைமுறையில் பின்சக்கரங்களின் இடைவெளி சுமார் ஒன்றரை மீட்டர். பக்கத்துக்கு 5 மி.மீ. வைத்தால் 10 மி.மீ. கூடும். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. டயரில் காற்றைச் சரிபார்த்தாலே இதைவிடப் பலன் உண்டு. ஆனால் காற்றைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்ப முடியாதே.

சித்தாந்தம்: ஸ்பேசர் வேலை செய்வது வண்டி நிற்கும்போது.

சான்று வருமாறு. வாங்குவதற்கு முன் அன்பர் மட்கார்டின் விளிம்பில் டேப் ஒட்டி, கொத்தனார் போலத் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுகிறார். தரையில் மண்டியிட்டு, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்கிறார். வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த நூல் சொல்லாது. பின்னால் நின்று பார்ப்பவருக்குச் சக்கரம் உள்ளே ஒடுங்கித் தெரிகிறதா என்பதை மட்டுமே சொல்லும். அன்பர் கேட்பதும் அதைத்தான்.

பக்கவிளைவுகள் சில. முன்சக்கரத்தில் மாட்டினால், ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள கணக்கு மாறும். மேடுபள்ளத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கக்கூடும். வெளியே வந்த டயர் பொடிக்கல்லை வாரி, அன்பர் எதற்காக இத்தனை பாடுபட்டாரோ அந்தப் பின்பக்கப் பெயின்ட்டிலேயே அடிக்கும்.

போல்ட் விஷயத்தில் மட்டும் ஆய்வாளர் கேலியை நிறுத்திக்கொள்கிறார். தகடு வந்தால் போல்ட்டும் அந்த அளவுக்கு நீள வேண்டும். 14 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. மரையிடைவெளியும் கொண்ட இந்தப் போல்ட்டுக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு ஏழரைச் சுற்று. (நம்மவருக்கு ஏழரை என்றதும் நினைவுக்கு வருபவரை ஜெர்மானியர் அறியார்.) பழைய போல்ட்டையே போட்டு முறுக்கினால் சுற்று குறையும்; சக்கரம் தனிவழி போக நேரலாம். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் தகட்டை வைத்தால் ஸ்டீயரிங் நடுங்கும். ஜெர்மனியில் தகட்டுக்குரிய சான்றும் வேண்டும். இல்லையெனில் வண்டியின் இயக்க அனுமதிக்கே ஆபத்து.

மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் மட்டும் ஷெட்டைவிட்டு வெளிவரும் வண்டிக்கு அந்த 100 கி.மீ. எந்த ஆண்டில் நிறையும் என்பது தனி ஆய்வுக்கு உரியது.