பாதிவிலை அண்ணன்

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பாதிவிலை அண்ணனும் அப்படித்தான். பல்லைப் பார்த்து, முதுகை அமுக்கி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ஐந்நூறு குறைத்த பிறகுதான் கயிற்றைக் கையில் வாங்குவார். இரும்பு என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் புத்தி லீவு போட்டுவிடும். பெயிண்ட் பளபளத்தால் போதும்.

ஓசூர்ப் பக்கம் இவர் மாதிரி ஊருக்கு ஒருவர் உண்டு. பகலில் கம்பெனி ஷிஃப்ட், சாயந்தரம் வீட்டுப் பின்கட்டில் ஒர்க்‌ஷாப். கம்ப்ரஸர் ஏலத்தில் எடுத்தது. வெல்டிங் மெஷின் காயலான் கடையிலிருந்து மீட்டது. ஜாக்கி இரவல் வந்து திரும்பிப் போக மறந்தது.

ஒருநாள் பெங்களூரு பீன்யாவிலிருந்து இரண்டு தூண்களுக்கு நடுவே காரைத் தூக்கும் டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்று வந்து இறங்கியது. தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் குறைத்து, கன்னடத்தில் கோபித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து முடித்த வியாபாரம். இரண்டு தூண்களும் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, குட்டி யானைக்குப் பின்னால் நீட்டியபடி, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி என்று ஊர்வலம் வந்தன.

"நாலு டன் தூக்கும் தம்பி. பாதிவிலை!"

அவரிடம் இருப்பது ஒரு டன்கூட எட்டாத ஆம்னி வேன்.

"தரை தாங்குமாண்ணா?"

"கிருஷ்ணகிரி மாவட்டமே கிரானைட்டு. இதுக்கு எதுக்குப்பா கான்கிரீட்டு?"

கொத்தனார் கடப்பாரையால் ஒரே குத்து. இரண்டு அங்குலத் தளம், அதற்குக் கீழே செம்மண். அண்ணன் வீட்டு கிரானைட் முழுக்க ஏற்றுமதியாகிவிட்டது போலிருக்கிறது.

தூணைப் பிடிப்பது ஆங்கர் போல்ட், போல்ட்டைப் பிடிப்பது தரை. வண்டியின் எடை கீழே அமுக்குவதோடு நிற்காது, தூண்களை உள்பக்கம் சாய்க்கவும் பார்க்கும். ஆகவே தோண்டி, கம்பி கட்டி, ஆறு அங்குலத்துக்குக் கான்கிரீட் கொட்டினார்கள். அது முழுப் பலம் பெற 28 நாள். அண்ணி தினமும் தண்ணீர் ஊற்றினார், அண்ணன் நாள் எண்ணினார்.

அடுத்தது கரண்ட். லிஃப்ட் மோட்டார் த்ரீ பேஸ், வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். "ஒண்ணு இருக்குல்ல, இன்னும் ரெண்டுதானே?" என்றார். அந்த ரெண்டுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம், புது மீட்டர், புது ஒயரிங். பாதிவிலை முக்கால்விலை ஆயிற்று. தூணின் மூடியைக் கழற்றினால் எஃகுக் கேபிளில் இழைகள் அறுந்து முள்முள்ளாய் நின்றன. சிலிண்டர் சீல் எண்ணெய் வடித்தது. முழுவிலை.

வெள்ளோட்டத்துக்குத் தெருவே கூடியது. ஆம்னி ஏறியது. வண்டி கீழே விழாமல் பிடிக்கும் பூட்டு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி 'டக், டக்' என்றது. லிஃப்ட் தூக்குவது ஆறடி, ஆம்னி உயரம் ஐந்தடிக்கு மேல், கூரை பத்தடி. இந்தக் கணக்கு எங்களுக்குப் புரிவதற்குள் கூரை ஷீட்டுக்குப் புரிந்துவிட்டது.

1925இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி இந்த லிஃப்டின் மூதாதையை உருவாக்கியது சலூன் நாற்காலியைப் பார்த்துத்தான் என்பார்கள். சலூன்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்காலியை ஏற்றும்போது வாடிக்கையாளர் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். அண்ணன் நாற்காலியை மட்டும் வாங்கி வந்துவிட்டார்.

இப்போது கூரை உயர்ந்துவிட்டது, அண்ணனும் ஒரு சுற்று உயர்ந்துவிட்டார். பழைய லிஃப்ட் வாங்கப் போகிறவர்கள் அவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

"தூண் பழசா இருக்கலாம் தம்பி. வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. பூட்டுப் பல் தேஞ்சிருந்தா தொடாத. கேபிள், சீல், போல்ட் மூணும் புதுசா போடு. வீட்டுக் கூரையை அளந்துட்டு அப்புறம் பஸ் ஏறு."

எல்லாம் அந்தச் சந்தைப் புத்திதான். வெள்ளிக்கிழமையோடு விட்டுவிடாமல், மற்ற ஆறு நாளும் கையில் வைத்திருங்கள்.