ஆடிய கால், ஆட வைத்த கால்

1990களின் தொடக்கத்தில் பாசிர் ரிஸ் புதுக் குடியிருப்பு. எம்ஆர்டி நிலையம் 1989 டிசம்பரில்தான் திறந்திருந்தது. சிங்கப்பூர் அணிக்கு மலேசியக் கிண்ண ஆட்டம் இருக்கும் மாலையில் எங்கள் நிலையத்தில் காலியாகக் கிளம்பும் ரயில், தெம்பனிஸ், பிடோக், பாய லேபார் என்று சிவப்புச் சட்டைகளை ஏற்றிக்கொண்டே போய்க் காலாங்கில் மொத்தமாகக் கொட்டும். அங்கிருந்து தேசிய விளையாட்டரங்கத்துக்கு நடை. 55,000 பேர் கொள்ளும் இடம். சத்தம் வெளியிலேயே நெஞ்சில் இடிக்கும்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒருவர் இருந்தார்: வி. சுந்தரமூர்த்தி. ‘டேஸ்லர்’ என்று ஊரே கூப்பிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வரை போய் ஆடிவிட்டு வந்தவர். மலேசியாவின் கெடாவுக்கும் ஆடியவர். “சுந்தரத்துகிட்ட பந்து போனா உடனே எழுந்திரு, முன்னாடி இருக்கறவன் உக்கார மாட்டான்” என்பார் அப்பா. 1993-இல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் மல்லாந்து தலைக்குமேல் உதைத்து அடித்த கோலை, பார்த்தவர்கள் இன்றும் கையை வீசிக் காட்டித்தான் சொல்கிறார்கள். மறுநாள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாங்களும் மல்லாந்து விழுந்தோம். பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைதான் எங்கள் கோல் கம்பம்.

மறு ஆண்டு சிங்கப்பூர் மலேசிய லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. இறுதியாட்டத்தில் பஹாங்கை 4-0 என்று வீழ்த்தியது. அந்த அணியில் சுந்தரம் இல்லை. அதோடு சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996-இல் சிங்கப்பூருக்கென்றே எஸ்-லீக் பிறந்தது. ஆடியவர்கள் பலர் பயிற்றுவிப்பாளர்களானார்கள், சுந்தரமும் ஆனார்.

2012-இல் ‘லயன்ஸ் டுவெல்வ்’ என்ற பெயரில் சிங்கப்பூர் அணி மீண்டும் மலேசிய லீக்கில் இறங்கியபோது, எல்லைக்கோட்டில் பயிற்றுவிப்பாளராக நின்றவர் சுந்தரமூர்த்தி. முதல் ஆண்டு இரண்டாமிடம். 2013-இல் பட்டம். ஹாரிஸ் ஹாருன், சஃபுவான் பஹாருதீன், இஸ்வான் மஹ்பூத் போன்ற இளைஞர்களை வைத்து, 19 ஆண்டுகளுக்குப் பின் மலேசிய லீக் பட்டத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். அது காலாங்கில் நடக்கவில்லை. பழைய அரங்கத்தை 2010-லேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தேக்காவுக்குப் பக்கத்தில், ஆறாயிரம் பேர் உட்காரக்கூடிய ஜாலான் புசார் அரங்கம்தான் அப்போது சிங்கங்களின் வீடு. ஆட்டக்காரராகத் தவறிப்போன பட்டத்தை, பயிற்றுவிப்பாளராக அவர் எடுத்துக் கொடுத்தார்.

2016 மே மாதம் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுகி கிண்ணத்தில் பிலிப்பீன்சுடன் கோலின்றிச் சமநிலை, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2. மூன்று ஆட்டம், ஒரே கோல். “டேஸ்லராக இருந்தவரா இப்படித் தற்காப்பு ஆட்டம் ஆட வைக்கிறார்?” என்று காப்பிக்கடைகளில் கேட்டார்கள். ஆசியக் கிண்ணத்துக்கும் அணி தகுதி பெறவில்லை. 2018 ஏப்ரலில் அவர் விலகினார்.

அந்தக் கேள்வி நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆட்டக்காரன் தன் காலில் இருப்பதைக் காட்டுகிறான். பயிற்றுவிப்பாளர் மற்றவர் காலில் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். பதினெட்டு வயதில், ஆட்டம் மெருகேறும் பருவத்தில், நம் பையன்கள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். சின்ன நாடு, தேர்ந்தெடுக்க ஆள் குறைவு. இருப்பதைக் கொண்டு தோல்வியைத் தள்ளிப்போடுவதும் ஒரு கலைதான். கையில் பொருத்தமான அணி கிடைத்தபோது அதே மனிதர் பட்டமே வென்று காட்டினார். அவரை 1993-இன் கோலை வைத்து அளந்தது நம் பிழை.

பெரிய பெயர்களை விடுங்கள். பாசிர் ரிஸில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கக் கற்றுத்தரும் அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே ஆடினார்கள், யாரிடம் கற்றார்கள் என்று ஒருமுறை கேளுங்கள், எழுதி வையுங்கள். ஜாலான் புசாரில் ஆட்டம் இருக்கும் மாலையில், தேக்காவில் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகலாம். போங்கள். ஆடுபவருக்குக் கை தட்டுங்கள். கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.