பனிக்கால நாற்காலிச் சண்டை

பாஸ்டனில் பனிப்புயல் வருகிறது என்று அறிவித்ததும் கடைகளில் மூன்று பொருட்கள் மாயமாகிவிடும்: ரொட்டி, பால், முட்டை. புயல் வந்தால் ஊரே இந்த மூன்றையும் வைத்து பிரெஞ்ச் டோஸ்ட் போட்டுத்தான் தின்னும் என்பது இந்த ஊர்க்காரர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்ளும் பழைய ஜோக். நானும் மனைவியும் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்துப் போனது தயிருக்காக. தயிர் அலமாரியை ஒருவரும் சீண்டியிருக்கவில்லை. சிறுபான்மையினராக இருப்பதில் இப்படிச் சில வசதிகளும் உண்டு.

நான் சொல்வது 2015 குளிர்காலம். அந்தப் பருவத்தில் மட்டும் 110.6 அங்குலம், அதாவது ஒன்பது அடிக்கும் மேல் பனி கொட்டியது. பாஸ்டனின் பதிவேட்டில் இன்றுவரை அதுதான் உச்சம். ரயில்கள் நின்றன. இளவட்டங்கள் மாடி ஜன்னலிலிருந்து பனிக்குவியலில் குதித்து வீடியோ எடுக்க, குதிக்காதீர்கள் என்று மேயர் மார்ட்டி வால்ஷ் கண்டிக்க வேண்டியதாயிற்று. துறைமுகப் பக்கம் அள்ளிக் கொட்டிய பனிமலை முழுசாகக் கரைந்தது ஜூலை 14 அன்று.

பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் எங்கள் தெரு முழுக்க மூன்றடுக்கு மரவீடுகள். வீட்டுக்கு மூன்று குடும்பம்; கார்கள் நிற்பது தெருவோரத்தில். புயல் ஓய்ந்த காலையில் பார்த்தால் கார் எதுவும் இல்லை, வெள்ளை மேடுகள்தான். கீழ்த்தளத்து வியட்நாம்காரர் மூச்சுவாங்கத் தோண்டினார். வெளியே வந்தது அடுத்த வீட்டார் கார். மனிதர் அசரவில்லை. அள்ளிய பனியை மறுபடி அதன்மேலேயே போட்டு மூடிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போனார்.

வீட்டு வாசல் நடைபாதைக்கும் சட்டம் உண்டு. பனி நின்ற மூன்று மணி நேரத்துக்குள் 42 அங்குல அகலத்துக்குப் பாதை விட வேண்டும். எதிர்வீட்டு ஐரிஷ் பாட்டி ஜன்னலில் உட்கார்ந்தபடியே அதைக் கண்ணால் அளந்துவிடுவார். அளவு சரியாக இருந்தால், "அந்தத் தீயணைப்புக் குழாயையும் தோண்டிவிடு தம்பி" என்கிற பாவனையில் விரல் நீளும்.

இடுப்பு ஒடியத் தோண்டி நிமிரும்போது சரியாக மாநகராட்சியின் பனி தள்ளும் லாரி வரும். நடுத்தெருவைப் பளிச்சென்று ஆக்கி, அங்கிருந்த பனியை எல்லாம் நாம் தோண்டிய இடத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். ஓட்டுநர் கையசைப்பார். நாமும் பதிலுக்கு அசைக்க வேண்டும். எத்தனை விரலால் என்பது அவரவர் வளர்ப்பு.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட இடத்தை விட்டு எப்படி வேலைக்குப் போவது? அதற்குத்தான் நாற்காலி. காரை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால் இடம் நம்முடையது. நம்மூர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே சாஸ்திரம்தான். எங்கள் தெருவில் நாற்காலியோடு இஸ்திரி மேஜை, குழந்தை வண்டி, உடைந்த மின்விசிறி எல்லாம் காவலுக்கு நின்றன. வேலை மெனக்கெட்டு மாநகராட்சியும் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது: பனி அவசரநிலை விலக்கப்பட்டு 48 மணி நேரம் வரை. சவுத் எண்ட் பகுதி மட்டும் அந்த ஆண்டு இந்த வழக்கமே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. அவர்களைப் பற்றிப் பாட்டி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

நாற்காலியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்துகிறவர் கதி? காலையில் வந்து பார்த்தால் கார் கூரைவரை பனியில் புதைந்திருக்கும். அதன்மேல் யாரோ வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றியிருப்பார்கள். விடிவதற்குள் அது கண்ணாடிப் பாறை. போலீஸ் கேட்டால் தெருவில் எவருக்கும் எதுவும் தெரியாது.

இதை எல்லாம் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"தெருவுல கெடக்குற நாற்காலிய எவனும் தூக்கிட்டுப் போகமாட்டானாடா?"

"தொட்டா அவன் கார் மிஞ்சாதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நம்ம வாசல்ல எவனோ தெனம் பைக்க விட்டுட்டுப் போறான். நாளைக்கு ஒரு நாற்காலி போட்டுப் பாக்குறேன்" என்றாள். மறுநாள் பைக்கும் நின்றதாம், பைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரும் படித்தாராம்.

பாஸ்டனுக்குக் குடிவர இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டு, பூட்ஸ், நல்ல ஷவல், மூன்றுக்கும் காசு பார்க்காதீர்கள். நாற்காலிக்கு மட்டும் பாருங்கள். ஒரு கால் ஆடுகிறதாக, முதுகு கிழிந்ததாக எடுங்கள். தெரு அதைத் தொடாது. ஆனால் 48 மணி நேரம் முடிந்ததும் குப்பை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அப்போது வயிறு எரியக் கூடாது.