சுண்ணாம்பைத் திருடியது யார்?

கீழ்பென்னாத்தூரில் கையில் மாவுக்கட்டோடு டீக்கடைப் பக்கம் போனால், டீக்கு முன்னால் வைத்தியம் வந்துவிடும். “புத்தூர் போய்க் கட்டு போட்டிருக்கணும்ணா” என்றார் ஒருவர். “களி துன்றத விட்டீங்க இல்ல, அதான்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று விசாரித்தார்.

நான் மாடியிலிருந்தெல்லாம் விழவில்லை. மல்லாட்டை மூட்டையில் உட்கார்ந்திருந்தவன் எழும்போது கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. 52 வயது ஆம்பளைக்கு ஆகிற காரியமா இது? ஸ்கேன் எடுத்தார்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கு வந்துவிட்டாலே எலும்பு மெலிவு நோய்தான். பள்ளிக்கூடத்தில்கூட நான் பூஜ்யத்துக்குக் கீழே போனதில்லை. “இது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே மாமா!” என்று மைத்துனன் சத்தமாக ஆச்சரியப்பட்டான்.

சொந்தபந்தம் திரண்டது. அத்தை முருங்கைக்கீரை, சித்தி பிரண்டைத் துவையல், பெரியப்பா மகன் முட்டை ஓட்டுப் பொடி. இதே கூட்டம்தான் முன்பு கிட்னியில் கல் என்றபோது வாழைத்தண்டுச் சாற்றோடு வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

வேலூரில் ஒரு டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. கல் இருந்ததா, மலச்சிக்கல் உண்டா, தாகம் அதிகமா என்று மாமியார் மாதிரி குடைந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கால்சியம் குறையவில்லை, எகிறிப்போய் 11.8-ல் நின்றது. பி.டி.எச். ஹார்மோனும் கூடுதல். அதைச் சுரக்க, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசியளவில் பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு இருக்குமாம். எனக்கு அதில் ஒன்று கட்டியாக வீங்கி, வீட்டுச் சுவரில் செங்கல்லை உருவிக் கொல்லையில் அடுக்குகிற வேலைக்காரன் மாதிரி, எலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பிடுங்கியிருக்கிறது. கிட்னிக் கல்லும் அதன் கைவரிசைதான்.

இந்தச் சுரப்பியை உடற்கூறு நிபுணர் ரிச்சர்ட் ஓவன் கண்டெடுத்தது லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-ல் செத்த இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில். நம்ம நாட்டுச் சரக்கு என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வியன்னாவில் ஒரு டிராம் கண்டக்டருக்கு இதே கேடு. சர்ஜன் ஃபெலிக்ஸ் மாண்டல், சுரப்பி போதவில்லைபோலும் என்று எண்ணி, விபத்தில் இறந்தவரின் சுரப்பிகளை எடுத்து இவருக்கு வைத்துத் தைத்தார். அவரும் எங்கள் அத்தை கட்சி! பலனில்லை. 1925-ல் கட்டியை வெட்டி எடுத்த பிறகே நோயாளி தேறினார். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் பாடு இன்னும் மோசம். ஏழு அங்குலம் குள்ளமாகிப்போன அவருக்கு ஏழாவது ஆபரேஷனில்தான், 1932-ல், நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி அகப்பட்டது. என் கட்டி சாது. ஸ்கேன் காட்டிய இடத்திலேயே இருந்தது.

கட்டியை எடுத்த மறுநாள் உதடு மரத்தது. பட்டினி கிடந்த எலும்பெல்லாம் கால்சியத்தை அள்ளிக்கொண்டதில் ரத்தத்தில் குறைந்துவிட்டதாம். கால்சியம் மாத்திரை எழுதினார்கள். “நான் அப்பவே சொல்லல?” என்றாள் அத்தை.

உங்கள் வீட்டில் யாராவது நடுவயதில் சும்மா கை ஊன்றி எலும்பை முறித்துக்கொண்டால் களி கிண்டிக் கொடுங்கள், தப்பில்லை. கூடவே ரத்தத்தில் கால்சியம், பி.டி.எச்., வைட்டமின் டி, தைராய்டு பார்க்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.