மார்க் போட வருகிறவருக்கு மிதி போடத் தெரிய வேண்டும்!

கே: கைத்தறி நெசவுக்கு மதிப்பீட்டாளர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். மாதச் சம்பளம் எங்கே கிடைக்கும்?
– வாசகர், பிள்ளையார்பாளையம்

ப: பெரும்பாலும் கிடைக்காது. மதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, நெசவாளர்களின் திறனைச் சோதிக்கும் தேர்வு வரும்போது கூப்பிடும். தேர்வுக்கு வந்தவர் தலைக்கு இவ்வளவு, இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு. ஒரு மாதம் நாலு அழைப்பு வரும், மறுமாதம் போன் தூங்கும். தறியைக் கழற்றி விற்றுவிடாதீர்கள் சாமி!

கே: முப்பது வருஷமாகத் தறியில் இருக்கிறவனுக்கு எதற்குப் பரீட்சை?
– வாசகர், முத்தியால்பேட்டை

ப: உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேங்க் மேனேஜருக்கு யார் சொல்வது? 2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் கற்றவரைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு ஒன்று உண்டு. கை பேசியதைக் காகிதமும் பேசட்டுமே.

கே: எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். கோர்வைப் புடவை கண்ணை மூடிக்கொண்டு நெய்வேன். நான் மதிப்பீட்டாளர் ஆக முடியுமா?
– வாசகி, ஐயம்பேட்டை

ப: அனுபவத்தோடு படிப்பையும் கேட்கிறார்கள். உங்கள் கையை ஒரு மார்க் ஷீட் வாசலில் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த விதி தளர வேண்டும். அதுவரை சும்மா இராதீர்கள் அம்மா. 2016-ல் மத்திய ஜவுளி அமைச்சகம் தேசிய திறந்தநிலைப் பள்ளியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. நெசவாளர் குடும்பப் பெண்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதத்தை அரசே ஏற்கும் ஏற்பாடு அது. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் விசாரியுங்கள். பத்தாவதை முடித்துவிட்டு வந்து எங்களுக்கெல்லாம் மார்க் போடுங்கள்!

கே: பயிற்சி கொடுத்தவரே மதிப்பீடும் செய்யலாமா?
– வாசகர், வாலாஜாபாத்

ப: கூடாது. செய்தால் அந்த வகுப்பில் எல்லோருமே முதல் ரேங்க்.

கே: ஒருவர் உண்மையிலேயே நெசவாளரா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
– வாசகி, ஓரிக்கை

ப: கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, நெய்த துணியைத் திருப்பிப் போடச் சொல்வேன். கோர்வைப் புடவை என்றால் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். துணைக்கு இன்னொரு கையும் வேண்டும். கரை உடலைக் கவ்வும் இடத்தை விரலால் தடவினால், இழை இழுபட்டிருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். பிறகு பாவில் ஓர் இழையை அறுத்துவிட்டு, 'சரிசெய்யுங்கள்' என்பேன். தொழில் தெரிந்தவர் என்னைத் திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டுவிடுவார். தெரியாதவர் சிரித்தபடி வாத்தியாரைத் தேடுவார்.

கே: எங்கள் தெருவுக்கு வந்த மதிப்பீட்டாளர் டேப்லெட்டைப் பார்த்து இங்கிலீஷில் கேள்வி வாசித்தார். என் அப்பா விழித்தார்.
– வாசகர், சின்ன காஞ்சிபுரம்

ப: அன்று ஃபெயில் ஆனது உங்கள் அப்பா இல்லை. பாவு, ஊடை, விழுது, பண்ணை என்று கேட்டிருந்தால் அவர் அந்த ஆளுக்கே ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். தமிழில் கேளுங்கள் என்று உரக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்கள் இந்த நாற்காலிக்குப் போட்டி போட வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

கே: மதிப்பீடு தவிர இந்தச் சான்றிதழை வைத்து வேறென்ன செய்யலாம்?
– வாசகர், ஆரணி

ப: கேள்வித்தாள் தயாரிக்கத் தொழில் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள், வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கூட்டுறவுச் சங்கங்களிலும் ஜவுளிக் கடைகளிலும் புடவையின் தரம் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. 2004-லிருந்து சில்க் மார்க் முத்திரை வேறு இருக்கிறது. பட்டா பாலியஸ்டரா என்று சொல்லும் கண்ணுக்கு அதனால் மதிப்புக் கூடியிருக்கிறது. ஐ.டி.ஐ. ஆசிரியர் வேலைக்கு மட்டும் இந்தச் சான்றிதழ் போதாது. அந்தக் கதவுக்குச் சாவி வேறு.

கே: கோயில் மாலை கட்டுகிறவருக்குக்கூட அரசு திறன் சான்று தருகிறதாமே?
– வாசகர், விஷ்ணு காஞ்சி

ப: 2023-ல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். மாலை கட்டுபவர் உண்டு, சிற்பி உண்டு, கைத்தறி நெசவாளர் இல்லை. வரதராஜப் பெருமாளுக்கு மாலை கட்டினால் பட்டியலில் இடம். அவருக்குப் பட்டு நெய்தால் வெளியே!

கே: மகள் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கிறாள். முடித்ததும் நேராக மதிப்பீட்டாளர் ஆகலாமா?
– வாசகி, செவிலிமேடு

ப: முதலில் நாலைந்து வருஷம் குழித்தறியில் கால் வைக்கட்டும். முழங்கால் வலி தெரியாதவர் அடுத்தவர் நெசவுக்கு மார்க் குறைக்கக் கூடாது.

கே: மதிப்பீட்டாளருக்குப் பெண் கொடுக்கலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

ப: தாராளமாக. முகூர்த்தப் புடவை எடுக்க மட்டும் அவரையே அனுப்புங்கள். கடைக்காரர் பாடு திண்டாட்டம்!