எஃப்.ஓ.பி. சித்தப்பா

சித்தப்பா எந்தப் பொருளையும் நேராக வைத்துப் பார்த்ததில்லை. கவிழ்த்துத்தான் பார்ப்பார். டிபன் பாக்ஸ், டார்ச் லைட், குழந்தை கையில் இருக்கும் கிலுகிலுப்பை, கல்யாணத்துக்கு வந்த பரிசுக் கடிகாரம், எதுவானாலும் வாங்கிக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டி, "இது அங்க எவ்வளவு தெரியுமா?" என்பார். தெரியாது என்று சொல்ல நமக்கு அவகாசம் கிடையாது. "நாற்பது சென்ட்! எஃப்.ஓ.பி. நிங்போ."

வளைகாப்பு வீட்டில் சீர்த்தட்டுகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் கடைசித் தட்டிலிருந்து ஆரம்பித்தார். தட்டில் ஆப்பிள் இருந்தால் கவிழ்க்க முடியாதே? அதைப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றினார். அங்கிருந்த சாத்துக்குடியை அதற்கும் அடுத்த தட்டுக்கு மாற்றினார். பாட்டு முடிந்தபோது பழமெல்லாம் ஒரே தட்டில் குவிந்திருந்தது. சம்பந்தியம்மாள் வாங்கிய தட்டுகளின் கொள்முதல் விலை சபையில் வைத்து அறிவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இதே கதைதான். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்குவதற்குள் மெஷின் கவிழ்ந்துவிட்டது. "ஏழு டாலர்மா. உங்க ஆஸ்பத்திரி எவ்வளவுக்கு வாங்கிச்சு?" அன்று அழுத்தம் ஏறியது நர்ஸுக்கு.

எஃப்.ஓ.பி. விலை என்றால், விற்பவன் தன் ஊர்த் துறைமுகத்தில் சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு அவன் பொறுப்பு தீர்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகு வரும் கடல், புயல், கப்பல் கூலி, சுங்கம், லாரி, குடோன், எலி அத்தனையும் வாங்குகிறவன் தலையில். சீனாவிலிருந்து சரக்கு இறக்கும் சித்தப்பாவின் கணக்கு அங்கே நிங்போ துறைமுகத்தில் நின்றுவிடும். அங்கிருந்து சென்னை வரைக்கும் சரக்கு சித்தியின் நகையில் வரும்.

ஒருமுறை அவர் பாஷையிலேயே உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். பொருள் 100 ரூபாய். கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் 15 என்று வையுங்கள், 115 ஆயிற்று. இந்த 115 மேல்தான் சுங்கம் விழும், உங்கள் 100 மேல் அல்ல. இருபது சதவீதம் என்றால் 23. அந்த 23 மேல் பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 2.30. எல்லாம் கூட்டினால் 140.30. அதன்மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 25 ரூபாய் சொச்சம். ஜி.எஸ்.டி. பதிவும் ஒழுங்கான கணக்கும் இருந்தால் இது மட்டும் பின்னால் வரவாகும். ஆனால் இன்றைக்குக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஆக, 100 ரூபாய்ச் சரக்கு சுங்கத்தைத் தாண்டும்போதே 165 ரூபாயைத் தாண்டிவிட்டது. இன்னும் கிளியரிங் ஏஜென்ட் இருக்கிறார், லாரி இருக்கிறது. சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பேனாவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, "மூணு சென்ட்" என்றார்.

கப்பல் கூலியிலாவது நஷ்டம் இல்லை என்பது அவர் பெருமை. ஒரு கண்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்கள், பல பேர் சரக்கோடு சேர்த்து ஏற்றி அனுப்புவார்கள். அதில் "கூலியே வேண்டாம்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. "பார்த்தியா, ஃப்ரீயா கொண்டுவந்து போடறான்!" என்று சித்தப்பா தெருவெல்லாம் சொன்னார். உலகத்தில் கடல் தாண்டி எவன் ஓசியில் சுமப்பான்? சென்னையில் இறங்கியதும் அந்தக் கூலி வேறு வேறு பெயர்களில் பில்லாக வந்தது. டெலிவரி ஆர்டருக்கு ஒன்று, பெட்டியைப் பிரித்ததற்கு ஒன்று, ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று இன்னொன்று. இறங்கும் இடத்துச் செலவை எழுத்தில் வாங்காமல் சரக்கு ஏற்றக்கூடாது என்பது துறைமுகத்தை ஒட்டிய மண்ணடியில் டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். சித்தப்பா பில்லையும் கவிழ்த்துப் பார்த்தார். பின்பக்கம் இன்னும் இரண்டு வரி இருந்தது.

அவர் சீனாவுக்குப் போனது ஒரே தடவை, யிவு சந்தைக்கு. எழுபத்தைந்தாயிரம் கடைகள் இருக்கும் இடம் அது. சித்தப்பாவை அங்கே விட்டதை நினைத்தாலே எனக்குக் கை வலிக்கிறது, எத்தனை பொருளைக் கவிழ்த்திருப்பார்! திரும்பும்போது ஒரு சாம்பிள் ஹாட்பாக்ஸ் கொண்டுவந்தார். கனமான எவர்சில்வர், காலையில் வைத்த இட்லி சாயங்காலமும் சூடாக இருந்தது. ஆனால் சாம்பிள் என்பது கல்யாணத் தரகர் காட்டும் போட்டோ. சரக்கு வந்தபோது மூடி ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் எழுந்தது. இப்படி ஆகாமல் இருக்க, சாம்பிள் ஒன்றில் வாங்குபவனும் விற்பவனும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் கனம், எடை எல்லாம் ஆர்டரில் எழுத வேண்டும். மிச்சப் பணம் அனுப்புவதற்கு முன் ஓர் ஆளை ஃபேக்டரிக்கு அனுப்பிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு டாலர் வாங்குவார்கள். "அவன் என்னை டியர் ஃப்ரெண்ட்னு எழுதறான். அவன்கிட்ட ஆள் அனுப்பறதா?" என்றார் சித்தப்பா. முப்பது சதவீதம் அட்வான்ஸ், சரக்கு கிளம்பும் முன் எழுபது, எல்லாம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் டியர் ஃப்ரெண்ட் பதில் எழுதவில்லை. ஃபேக்டரி என்று நினைத்தது ஒரு மேஜையும் இரண்டு போனும் கொண்ட டிரேடிங் கம்பெனி.

பொங்கலுக்கு விற்கவேண்டிய இன்னொரு சரக்கு தாமதமாகி, நடுவில் சீனப் புத்தாண்டுக்கு ஃபேக்டரியும் மூடியதால் பங்குனியில் வந்தது. அதை விடுங்கள்.

அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதி இருட்டில் கிடந்தபோது, விற்காமல் கிடந்த எமர்ஜென்சி விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வீடு வீடாகப் போனார். ஒரு பைசா வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கைக் கவிழ்த்து அடக்க விலையை மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்தார். மாடியில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "சாமி, கொடுக்கறதுன்னா நேரா கொடு, அணைஞ்சிடப் போவுது" என்றாள்.

ஆனால் பொம்மை விஷயத்தை என்னால் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. நம்பர் வாங்க ஐந்நூறு ரூபாய்தான் கட்டணம், வீட்டில் உட்கார்ந்தபடி வாங்கலாம். சித்தப்பா அதை ஃப்ரேம் போட்டுப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்து, அவர் பேச்சைக் கேட்டு, எங்கள் அத்தை பையன் அவளுடைய பிக்சட் டெபாசிட்டை உடைத்து ரிமோட் கார் இறக்கினான். "பன்னிரண்டு சதவீத வட்டிக்கு வாங்கினாலும் போட்டது மூணு பங்கா வரும்" என்றது இவர். பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்தாலும் அந்த ஃபேக்டரியே இந்திய லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். இங்கே இறக்கியபின் ஸ்டிக்கர் ஒட்டித் தப்பிக்க முடியாது. சுங்கமும் 20 சதவீதமாக இருந்தது 2020-இல் 60 ஆகி, 2023-இல் 70 ஆயிற்று. இவையெல்லாம் அரசாணையில் அச்சடித்து இருப்பவை, ரகசியம் இல்லை. பணம் அனுப்பும் முன் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டிருந்தால் ஒரு காபிச் செலவில் தெரிந்திருக்கும். சரக்கு வெளியே வரவில்லை. துறைமுகத்தில் நாள் வாடகை ஏறியது, கண்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி தனியாக மீட்டர் போட்டது. கடைசியில் சரக்கின் விலையைவிட வாடகை அதிகமாகி, பையன் கைகழுவினான். அத்தை இப்போது மருந்துக்கு மகனிடம் கேட்டு வாங்குகிறாள். அந்த வீட்டுக்குப் போனபோதும் இவர் மருந்து டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். எனக்குக் கை ஓங்கிவிட்டது. சித்தப்பா உறவு என்பதால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

போன வாரம் வந்தார். சீனா முடிந்துவிட்டதாம், இனி வியட்நாம்தானாம். முந்திரி உடைக்கும் மெஷின், அங்கே பாதி விலை. சரக்கு வைக்க எங்கள் கார் ஷெட்டைக் கேட்டார். ஹாட்பாக்ஸ் பெட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, கார் மழையில் நிற்கிறது என்றேன். "கார் என்னடா கார்," என்று ஜன்னல் வழியாக அதை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, கவிழ்க்கிற சைஸ் இல்லை.