நாற்காலி முதலாளி

எங்கள் தெருமுனை சலூனுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுபவர் கத்தரி பிடிக்காத மனிதர். கல்லா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொல்வது நம் முகத்துக்குத்தான். கண் மட்டும் நம் தலைமேல் இருக்கும். "என்ன சார், காதை மூட ஆரம்பிச்சிடுச்சே" என்பார். பேசும்போது வலது கைக் கட்டை விரலும் மோதிர விரலும் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். முப்பது வருஷப் பழக்கம். அவர் கத்தரியை விட்டுவிட்டார். விரல்கள் இன்னும் விடவில்லை.

அவர்தான் நாற்காலி முதலாளி. அவர் கடையில் மூன்று நாற்காலிகள். மூன்றும் வாடகைக்கு.

முன்பெல்லாம் அங்கே பங்குதான். நாற்காலியும் பிளேடும் கிரீமும் முதலாளியுடையவை; கையும் கத்தரியும் மாஸ்டருடையவை; வசூலில் பாதிக்குப் பாதி. இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். நாற்பது பக்க நோட்டில் கட்டிங்குக்கு ஒரு கோடு, சேவிங்குக்கு ஒரு புள்ளி. தாம் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கோடுகள் விழுவதில்லை என்பது முதலாளியின் நெடுநாள் சந்தேகம். ஒருநாள் தரையில் பெருக்கி வைத்திருந்த முடிக் குவியலை உற்றுப் பார்த்தார்.

"இது பன்னெண்டு தலை முடியாப்பா? பதினஞ்சு இருக்கும் போலிருக்கே."

"ஒருத்தருக்கு நல்ல அடர்த்திண்ணே."

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

லண்டனில் இருக்கும் சகலை மகன்தான் வழி காட்டினான். "பெரியப்பா, இங்கெல்லாம் நாற்காலியையே வாடகைக்கு விட்டுடறாங்க. வெட்டறவன் அவன் பாட்டுக்குச் சம்பாதிச்சுக்குவான்" என்றான். பிரிட்டனில் முடி திருத்தும் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சுயதொழில்காரர்கள்தான். ஆனால் முதலாளிக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்குப் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. களத்துமேட்டில் கண் விழிக்க வேண்டும். குத்தகை என்றால் விளைந்தாலும் சரி, சாவியானாலும் சரி, பேசியது வந்துவிடும். திண்ணையில் கால் நீட்டிப் படுக்கலாம்.

"லண்டன்காரன் என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்றான் சார். எங்க தாத்தா காலத்துக் குத்தகைதான் இது. நிலம் சுத்தாது, நாற்காலி சுத்தும். அவ்வளவுதான் வித்தியாசம்."

மறுநாளே தரம் பிரித்துவிட்டார். வாசலை ஒட்டி, ஏசிக்கு நேர் கீழே இருக்கும் முதல் நாற்காலி நஞ்சை: நாளுக்கு 400 ரூபாய். நடு நாற்காலி 350. வாஷ்பேசின் பக்கத்துக் கடைசி நாற்காலி மானாவாரி: 250. அதற்கு எதிரே இருக்கும் கண்ணாடியில் இடது பக்கம் ரசம் போய்விட்டது. அதில் பார்த்தால் யாருக்கும் இடது கிருதா தெரியாது. கிருதா ஏற்றத்தாழ்வாக இருக்கிறது என்று அங்கே இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை என்பதையும் வசதிக் கணக்கில் சேர்த்துச் சொன்னார்.

"இன்னையிலேருந்து நீங்க மூணு பேரும்தான்டா முதலாளி. நான் வெறும் வீட்டுக்காரன்" என்று மாஸ்டர்களிடம் தழுதழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தார். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். பலகையில் எழுதிய ரேட்டுக்கு மேலே ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ரேடியோவில் இளையராஜா மட்டும். டவல் துவைப்பது அவரவர் பொறுப்பு. குழந்தைகளை உட்கார வைக்கும் பலகை பொதுச்சொத்து.

"அண்ணே, இதுல நாங்க முதலாளி எந்த இடத்துல?" என்றார் கடைசி நாற்காலிக்காரர்.

"வாடகை குடுக்கற இடத்துல."

பிரிட்டனின் வரித்துறையும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கும். நேரத்தை யார் வைக்கிறார்? விலையை யார் வைக்கிறார்? பதிலெல்லாம் கடைக்காரர் பக்கமே சாய்ந்தால், இது வாடகை இல்லை, ஆள் வைத்து வேலை வாங்குவது என்று சொல்லிவிடுவார்கள். நல்லவேளை, எங்கள் தெருவுக்கு அந்த ஆபீசர் வருவதில்லை.

முதல் வாரமே பஞ்சாங்கம் தகராறு செய்தது. செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு லீவு. அன்றைக்கு வாடகை உண்டா?

"செவ்வாய்க்கிழமை முடி வளராம இருக்கா?" என்று கேட்டார் முதலாளி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. அதில் செவ்வாய்க்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம்.

"வளருதுண்ணே. ஆனா அறுவடை புதன்கிழமைதானே?"

செவ்வாய்க்குப் பாதி வாடகை என்று முடிவாயிற்று. அமாவாசை, சிலருக்கு வெள்ளிக்கிழமை, ஆடி மாத மந்தம் என்று அடுத்தடுத்து மனுக்கள் வந்தன. கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் நிலைமை முற்றியது. 41 நாள் விரதம். தாடியில் யாரும் கை வைக்க முடியாது. மாஸ்டர்கள் வறட்சி நிவாரணம் கேட்டார்கள். போதாக்குறைக்குத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்ப்பவர்கள் வேறு. அந்த மகசூல் முழுக்கப் பெருமாள் கணக்கில் போய்விடும். பேப்பர் படிக்கும் கடைசி நாற்காலிக்காரர், "நிலக் குத்தகைக்கு உச்சவரம்பு வெச்சு 1956-லேயே சட்டம் போட்டாச்சு. நாற்காலிக்கு எப்பண்ணே?" என்று ஆரம்பித்ததிலிருந்து பேப்பர் வாங்குவதை முதலாளி நிறுத்திவிட்டார்.

நடு நாற்காலியின் கதை தனி. எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் சலூன் நாற்காலியை அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து எர்னஸ்ட் கோக்கன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்தார். மிதித்தால் ஏறும், மாஸ்டர் குனிய வேண்டியதில்லை. எங்கள் கடை நாற்காலியில் எண்ணெய் கசிவதால், ஏறிய வேகத்தை மறந்து தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். நான் உட்கார்ந்தபோது கண்ணாடியில் சட்டைப் பை வரை தெரிந்தது. கிருதா ஒதுக்கும்போது கழுத்து வரை. பின்கழுத்துக்கு மிஷின் வந்த நேரத்தில் நெற்றி மட்டும்தான் மிச்சம். மாஸ்டர் எனக்குப் பின்னால் கிட்டத்தட்ட மண்டியிட்டிருந்தார்.

"வீட்டுக் குழாய் ஒழுகினா வீட்டுக்காரர்தானே பார்க்கணும்?" என்றார் அவர்.

"இவ்வளவு கனமான ஆளை ஏத்தினது யாரு?" என்றார் முதலாளி.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பேச்சை மாற்ற வேண்டி, 2025 செப்டம்பரில் சலூன்களுக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்களே, கட்டிங் விலை குறையுமா என்று கேட்டேன். ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத கடை அந்தக் கணக்கிலேயே வராது. முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார். "போடாத வரியை எப்படி சார் குறைக்கறது? வேணும்னா முதல்ல போட்டுடறேன்."

இப்படியாகக் குத்தகை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆவணியில் முதல் நாற்காலிக்காரர் இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். போகிற அன்று அவர் பையை முதலாளி சோதித்துப் பார்த்தார். இரண்டு கத்தரி, மூன்று சீப்பு, ஒரு ட்ரிம்மர், ஒரு படிகாரக் கல். எல்லாம் அவருடைய சொந்தப் பொருள்கள். திருப்தியோடு வழியனுப்பி வைத்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் தெரிந்தது. ஒன்பது மணிக்கு உட்கார இடமில்லாமல் இருக்கும் பெஞ்சில் ஒரு பூனை படுத்திருந்தது. அப்பா, பிள்ளை, பேரன் என்று வழிவழியாக வந்த தலைகள் அத்தனையும் கத்தரியின் பின்னாலேயே போய்விட்டன. நிலத்தைவிட்டுப் போகும் குத்தகைக்காரர் வயலைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. இந்தத் தொழிலில் வயலுக்குக் கால் உண்டு. இத்தனை நாள் தாம் வாடகைக்கு விட்டது வெறும் வரப்பைத்தான் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

நஞ்சை நாற்காலி ஒன்றரை மாதம் தரிசாகக் கிடந்தது. 400 ரூபாய்க்கு யாரும் வரவில்லை. கடைசியில் பீரோவிலிருந்து பழைய கத்தரியை எடுத்துச் சாணை பிடித்துக்கொண்டு முதலாளியே அங்கே நின்றார்.

போன ஞாயிறு அவரிடம்தான் தலையைக் கொடுத்தேன். அற்புதமான கை. காதோரத்தில் கத்தரி பேசுவதே காதில் விழவில்லை. முடித்ததும் பவுடர் போட்டுத் துணியை உதறினார். பிறகு தன் பையிலிருந்து நான்கு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்தார், அந்தப் பக்கம் போய் வாங்கினார், நோட்டில் எழுதினார். மறுபடி என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நானூறு கொஞ்சம் ஜாஸ்திதான் சார்."

திங்கட்கிழமை முதல் மூன்று நாற்காலிக்கும் ஐம்பது ரூபாய் குறைந்தது.